பூட்டுக்கு வெளியே இருந்த போத்தல்

தும்பகொல்லைத் தோட்டத்துப் பங்களாவில் எது சாராயம், எது சமையல் சாமான் என்று காத்தமுத்துவுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதற்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். பூட்டுக்குள் இருப்பதெல்லாம் சாராயம். பூட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் வாய்க்கும் வயிற்றுக்கும் ஆனது. சாப்பாட்டு அறை மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி ஒன்று நின்றது. தோட்டத்தை நடத்தும் துரை குடிக்கும் போத்தல்கள் எல்லாம் அதற்குள். சாவி துரையின் மனைவியான நோனாவின் கைப்பையில். அந்த அலுமாரிக்குத் தூசி தட்டும்போதுகூட காத்தமுத்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டுதான் தட்டுவார்.

சமையல்காரருக்கு இப்படி ஒரு கணக்கு ஏன் தேவைப்பட்டது என்று கேட்டால், தோட்டத்தில் ஒரு பிள்ளைகூடச் சொல்லும். காத்தமுத்து ஒரு காலத்தில் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் குடித்து, மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து கிடந்தவர். பங்களா வேலை போயிற்று. மலையில் புல்லு வெட்டப் போட்டார்கள், அதுவும் சரியாக நடக்கவில்லை. கடைசியில் பலாங்கொடை ஆஸ்பத்திரியில் ஒரு வார்ட்டில் கை கால் உதற நாள் கணக்காகக் கிடந்து, செத்துப் பிழைத்து வந்தார். வந்த கையோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனார். ஒரு கையை மகள் நிரோஷாவின் தலையில் வைத்து, மறு கையால் எரிகிற கற்பூரத்தை அடித்து அணைத்தார். இனி ஒரு சொட்டுத் தொடமாட்டேன் என்றார். அப்படி அணைத்துச் சொன்ன வார்த்தையைத் தோட்டத்தில் யாரும் லேசாக எடுப்பதில்லை. அதற்குப் பிறகுதான் நோனா, துரையிடம் மன்றாடி, அவரை மறுபடி பங்களாவுக்கு அப்புவாக எடுத்தார். தோட்டங்களில் பங்களாச் சமையல்காரருக்கு அப்பு என்றுதான் பெயர்.

பெரிய வெள்ளம் வந்து ரத்தினபுரிப் பாதையெல்லாம் அறுந்து போனதற்கு அடுத்த வருஷம் அது. ஒரு புதன்கிழமை காலை நோனா குசினிக்கு வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். அவர் சிங்களத்தில் பேசுவார். காத்தமுத்துவுக்குச் சிங்களமும் தமிழும் ஒன்றுதான்.

"அப்பு, சனிக்கிழமை கொழும்புல இருந்து கம்பெனி டிரெக்டர் மஹத்தயாவும் அவங்க நோனாவும் வாறாங்க. பலாங்கொடை டாக்டர் ஹலீமையும் கூப்பிட்டிருக்கு."

டாக்டரின் பெயரைக் கேட்டதும் காத்தமுத்துவின் முகம் மலர்ந்தது. வார்ட்டில் கிடந்தபோது அவரைப் பார்த்தவர் அந்த டாக்டர்தான்.

"போன தரம் எல்லார் கையிலயும் கலர் கலரா கிளாஸ். டாக்டர் குடிக்கிறதில்லையே, அவர் கையில மட்டும் ஒரேஞ் பார்லி. ஸ்கூல் புள்ள மாதிரி மூலையில உக்காந்திருந்தார். அனே, எனக்கு வெக்கமா போச்சு" என்றார் நோனா. "இந்தத் தரம் நம்ம தோட்டத்துக்குன்னே ஒரு கொக்டெய்ல் செய்யணும். யாரும் எங்கயும் குடிச்சிருக்கக் கூடாது. மத்தவங்க கிளாஸ்ல நான் அரக்குச் சாராயம் ஊத்துறேன், அது என் வேலை, நீங்க கிட்டயும் வர வேணாம். டாக்டருக்கு அதே கிளாஸ், அதே நிறம், அரக்கு மட்டும் இல்ல. சரியா?"

"நானா நோனா கண்டுபிடிக்கணும்?"

"நீங்கதான். உங்க நாக்கு நல்ல நாக்கு."

அந்த நாக்கைப் பற்றிக் காத்தமுத்துவுக்குத் தெரிந்த அளவு நோனாவுக்குத் தெரியாது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இனிப்பு வேணும், புளிப்பு வேணும், கொஞ்சம் கசப்பும் வேணும். கசப்பு இல்லாட்டி அது சர்பத்." நோனா சுவர் ராக்கைத் தட்டில் வினாகிரிக்கும் வனிலா எசன்ஸுக்கும் நடுவில் கையை விட்டு ஒரு சின்ன போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். "பிட்டர்ஸ். இதுல நாலு சொட்டு விட்டா போதும்."

போத்தலைவிட உயரமாக ஒட்டியிருந்த காகிதத்துக்குள் கழுத்து புதைந்து நின்ற அந்தப் போத்தலைக் காத்தமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். துரைக்கு வயிறு உப்பினால் சோடாவில் நாலு சொட்டு விட்டுக் கொடுப்பார். முன்பு அப்புவாக இருந்த இராமசாமி, "இது தொரைமாரு வயித்து மருந்துடா" என்று சொல்லிக் கொடுத்தது. பூட்டுக்கு வெளியே இருக்கும் போத்தல். பயமில்லை.

விறாந்தையில் இருந்து துரையின் சிரிப்பு வந்தது. அவர் தமிழ் பேசுவார், தோட்டத்துத் தமிழே பேசுவார். "அப்புவா? கொக்டெய்லா? ஏய் அப்பு, ருசி பாக்கிறேன்னு பழைய பக்கம் போயிறாத! ஒரு நாள் வாய் மணந்துச்சின்னா மறுநாள் மலைக்குப் புல்லு வெட்டத்தான்."

"இல்லீங்க தொரை" என்றார் காத்தமுத்து. துரை விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்த விளையாட்டுக்குள் ஒரு கத்தி இருந்தது இரண்டு பேருக்குமே தெரியும்.

பங்களாக் குசினியில் பகல் சாப்பாட்டு வேலைக்கு நடுவே இதைச் செய்ய முடியாது. நோனாவிடம் கேட்டு, வெறும் மருந்துப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பிட்டர்ஸை ஊற்றி எடுத்துக்கொண்டு, பின்னேரம் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குப் போனார்.

அவர் மனைவி தங்கம்மா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய நனைந்த படங்குத் துணியை அவிழ்த்தபடி வந்தாள். வீடான ஒற்றை அறைக் காம்பராவுக்குள் புருஷன் கண்ணாடி கிளாஸ் ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டதும், உள்ளே எடுத்து வைத்த காலை வெளியே எடுத்தாள்.

"என்னங்க அது?"

"பயப்படாத புள்ள. பிளேன் டீ, கித்துள் பாணி, தேசிக்கா. பங்களாவுல கொக்டெய்ல் செய்யச் சொல்லியிருக்காங்க."

"கொக்டெய்ல்னா?"

"கலந்து குடிக்கிறது. இதுல சாராயம் இல்ல. இந்தா, மணந்து பாரு."

அவள் மணந்து பார்த்தாள். முகம் இளகவில்லை. "சாராயம் இல்லதான். ஆனா கிளாஸ இப்படித் தூக்கி வெளிச்சத்துல பாக்கிறீங்க பாருங்க, அந்தப் பார்வ எனக்குப் பிடிக்கலங்க."

"நெறம் பாக்காம எப்படிச் செய்ய?"

நிரோஷா புத்தகத்தை மூடிவிட்டு ஓடி வந்தாள். முதல் கிளாஸைக் குடித்துவிட்டு நாக்கை நீட்டினாள். "அப்பா, இது இருமலுக்குக் குடுக்கிற தண்ணி."

இஞ்சி கூடிப்போய்விட்டது. இரண்டாவதில் பாணி கூடி, நாக்கில் பசை மாதிரி ஒட்டியது. "இத வச்சு ஸ்கூல் கொப்பி ஒட்டலாம்" என்றாள் மகள். தங்கம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவதில் காத்தமுத்து ஆறிய தேயிலைச் சாயத்தை முதலில் ஊற்றினார். கித்துள் மரத்து இனிப்புப் பாணியைத் தேசிக்காயின் எலுமிச்சைப் புளியில் கரைத்து விட்டார். இஞ்சியை நசுக்கி, சாற்றை மட்டும் துணியில் பிழிந்து விட்டார். மேலே சோடா. கடைசியில், மருந்துப் போத்தலைச் சாய்த்து நாலு சொட்டு. சிவந்த சொட்டுகள் நுரைக்குள் இறங்கி, புகை மாதிரி விரிந்தன. ஒன்றோடு ஒன்று சேராமல் நின்ற ருசியெல்லாம், ஒரே வீட்டு ஆட்கள் மாதிரி ஒன்றாக உட்கார்ந்துகொண்டன.

"இது நல்லா இருக்கு!" என்றாள் நிரோஷா.

தங்கம்மா ஒரு வாய் குடித்து, வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கசப்புதான் வேணும்னா தேயிலையக் கூடக் கொஞ்சம் கொதிக்க விட்டா கசக்காதா? இதுக்கு எதுக்கு மருந்து?"

"பெரிய ஆளுங்க குடிக்கிறது. நீ சொல்ற மாதிரி செஞ்சா அது தேத்தண்ணி."

அவள் அடுப்பு மூட்டப் போனாள். காத்தமுத்து மருந்துப் போத்தலின் மூடியைத் திருகப் போனவர், திருகாமல், ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினார். கசப்பு நாக்கைச் சுருட்டியது. பின்னாலேயே ஒரு சூடு, தொண்டை வழியே மெதுவாக, வழி தெரிந்தது போல இறங்கியது. நெஞ்சுக்குள் எதுவோ புரண்டு படுத்தது. அவர் சட்டென்று மூடியைத் திருகிப் போத்தலை உயரத்துத் தட்டிமேல் தூக்கி வைத்தார். மருந்து என்றால் சூடாகத்தானே இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை பங்களாவில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தவர், கை ராக்கைக்குப் போயிருப்பதைப் பார்த்தார். பிட்டர்ஸ் போத்தல் கையில் இருந்தது. எதற்கு எடுத்தோம்? அளவு சரியா என்று பார்க்க. சரியென்று நேற்றே தெரியுமே? இருந்தாலும் ஒரு தரம். நாக்கில் ஒரு சொட்டு விட்டார். அன்று பின்னேரத்துக்குள் மறுபடி ஒரு தரம். ஒவ்வொரு தரமும் ஒரு காரணம் இருந்தது, ஒவ்வொரு காரணமும் நியாயமாகவே இருந்தது. அதுதான் அவரைக் கலக்கியது. கசிப்புக் காலத்திலும் காரணம் இல்லாமல் அவர் குடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை கோயில் வழியே வராமல் தேயிலை ஸ்டோர் வழியே சுற்றி வீட்டுக்கு வந்தார். அம்மனுக்கு முன்னால் போய் நிற்க ஏன் கூசுகிறது என்று அவருக்கே விளங்கவில்லை. நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லையே. வாசலில் நிரோஷா இரண்டு தரம் தும்மினாள்.

"என்னடி? காய்ச்சலா?" அவர் குரல் பயந்து ஒலித்தது. தலையில் கை வைத்துப் பார்த்தார்.

"சோக்குத் தூசிப்பா. இன்னைக்கு போர்ட் அழிச்சது நான்" என்று அவள் கையைத் தட்டிவிட்டாள்.

தங்கம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, உங்க கண்ணு பழைய கண்ணா இருக்கு."

"என்ன பழைய கண்ணு? சந்தேகப்படுறியா? இந்தா, மணந்து பாரேன், மணந்து பாரு!" என்று அவர் முகத்தை அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோனார். சத்தியம் பண்ணியதற்குப் பிறகு அந்தக் காம்பராவில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. பக்கத்துக் காம்பராவில் ரேடியோவைக் குறைத்தார்கள். தங்கம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் விழும் பீலிக்குப் போனாள். குடம் ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது.

சனிக்கிழமை மலையில் மிஸ்டு என்கிற பனிமூட்டம் இறங்கி, பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு வாகனங்களும் வந்து நின்றன. குசினியில் காத்தமுத்து கிளாஸ்களை வரிசையாக வைத்து, சாயம், பாணி, புளி, இஞ்சிச் சாறு, சோடா என்று ஊற்றி, எல்லாவற்றிலும் பிட்டர்ஸ் விட்டார். நோனா மற்றவர்களுடைய கிளாஸ்களைச் சாப்பாட்டு அறைக்கு எடுத்துப்போய் அரக்கு சேர்த்தார். பிறகு திரும்பி வந்து, டாக்டருடைய கிளாஸைத் தட்டில் எடுத்தார். அதில் மட்டும் ஒரு புதினா இலை.

"மெயின் ஆளுக்கு" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். உள்ளேயிருந்து துரையின் குரல் கேட்டது. "தும்பகொல்லை சன்செட்! எங்க பங்களாவைத் தவிர உலகத்துல எங்கயும் கிடைக்காது சேர்!"

காத்தமுத்துவுக்கு மூச்சு வந்தது. நல்லபடியாக முடிந்தது. கட்லட் பொரிக்க கேஸ் அடுப்பைக் கூட்டினார். பிட்டர்ஸ் போத்தலை ராக்கையில் வைக்கத் தூக்கினார். மூடியைச் சரியாகத் திருகவில்லை. கையில் எண்ணெய்ப் பிசுக்கு. போத்தல் வழுக்கி, அதைப் பிடிக்கும்போது போத்தல் வாயிலிருந்து ஒரு வீச்சு அடுப்பில் போய் விழுந்தது.

குப்பென்று நெருப்பு எழுந்தது. நீலமாக.

காத்தமுத்து அப்படியே நின்றார். அந்த நீலத்தை அவருக்குத் தெரியும். கானுக்கு அப்பால் ரப்பர் காட்டுக்குள் கசிப்பு விற்கிறவனிடம் போனால், முதலில் மூடியில் கொஞ்சம் ஊற்றி நெருப்புக் குச்சியைக் கிட்டக் கொண்டுபோவார்கள். தண்ணீர் கலந்திருந்தால் பிடிக்காது. நல்ல சரக்கு என்றால் சத்தமில்லாமல் நீலமாக எரியும். எத்தனையோ பின்னேரங்களில் அந்த நிறத்தைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

கரண்டியில் கொஞ்சம் பிட்டர்ஸ் ஊற்றினார். குச்சி கிழித்தார். இரண்டாவது குச்சியில் பிடித்தது. கரண்டிக்குள் நீலம், அமைதியாக, ஒரு பூ மாதிரி நின்று எரிந்தது.

அப்படியானால் புதன்கிழமை? வியாழன்? நேற்று? நிரோஷாவுக்கும் கொடுத்தேனே. அவள் தலையில் கை வைத்துச் சொன்ன வார்த்தை. அம்மா, தாயே. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். கட்லட் கருகுகிற வாடை வந்தது.

அப்போதுதான் புதினா இலை ஞாபகம் வந்தது. டாக்டருடைய கிளாஸ்.

ஒரு மனிதனுக்கு எவ்வளவு பெரிய பயம் இருந்தாலும், அதற்குள் இன்னொருவனைப் பற்றிய நினைப்பு ஒன்று நுழைந்துவிட்டால், அந்தப் பயத்துக்கு ஒரு கதவு திறந்துவிடுகிறது. காத்தமுத்துவுக்கு வார்ட் ஞாபகம் வந்தது. கை உதறி, கோப்பை வாய்க்குப் போகாமல் சட்டையெல்லாம் பிளேன் டீ கொட்டியபோது, மற்ற ரவுண்ட் எல்லாம் முடித்துவிட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, கோப்பையைப் பிடித்துக் குடிக்க வைத்தவர் அந்த டாக்டர். "மெதுவா, மெதுவா. எங்கயும் போகத் தேவல்ல" என்றார். குடித்து முடியும்வரை போகவில்லை. மார்க்கத்தை ஒரு நூலளவும் விடாத மனிதர். அவர் வாயில் படாத ஒன்றை என் கையால் கொடுத்துவிட்டேனே.

நாலு சொட்டுத்தானே என்று உள்ளே ஒன்று சொன்னது. சோடாவில் கரைந்து போயிற்று. யாருக்குத் தெரியும்? இப்போது போய்ச் சொன்னால் துரை என்ன நினைப்பார்? மறுநாள் மலை. தங்கம்மா முகத்தில் எப்படி முழிக்க? அந்தக் குரலும் பழைய குரல்தான். காத்தமுத்து அடுப்பை அணைத்துவிட்டு, கையைக் கூடத் துடைக்காமல் ஹோலுக்கு நடந்தார்.

ஹோலில் டாக்டர் இல்லை. டிரெக்டர் கிளாஸைத் தூக்கிப் பார்த்துப் புகழ்ந்துகொண்டிருந்தார், துரையின் முகம் விளக்கு மாதிரி இருந்தது. டாக்டருடைய நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் புதினா கிளாஸ், மேலே ஒரு கடதாசி மூடி, தொடாமல் இருந்தது. அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்கு டாக்டர் ஆபீஸ் அறைக்குள் போயிருந்தார். காத்தமுத்து சத்தமில்லாமல் போய் கிளாஸை எடுத்தார்.

"அப்பு, அத ஏன் எடுக்கிற?" என்றார் துரை.

அதே நேரம் ஆபீஸ் கதவு திறந்தது. டாக்டர் ஹலீம் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி வந்தார். "அட, காத்தமுத்து! இது நீங்க கண்டுபிடிச்சதாமே. நோனா சொன்னாங்க, எனக்குன்னே செஞ்சதாம். தாங்க பாப்பம்." கையை நீட்டினார்.

காத்தமுத்து கிளாஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "குடிக்காதீங்க ஐயா."

டிரெக்டரும் மனைவியும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுல சாராயம் இருக்குங்க ஐயா. அந்த பிட்டர்ஸ்ல. எனக்குத் தெரியாமப் போச்சு. இப்பத்தான் நெருப்புல பட்டு எரிஞ்சத பாத்தேன். மன்னிச்சிருங்க."

டிரெக்டர் சிரித்தார். "நாலு சொட்டு பிட்டர்ஸ் எல்லாம் ஒரு சாராயமா?" ஆனால் துரை சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எரியுறது பாத்து கண்டுபிடிச்சியா? இல்ல குடிச்சுப் பாத்தா?"

"ருசி பாத்தேன் தொரை. மூணு நாளா. மருந்துன்னு நெனச்சு."

"கிட்ட வா. ஊது."

விருந்தாட்களுக்கு முன்னால் காத்தமுத்து வாயைத் திறந்து ஊதினார். இஞ்சியும் தேசிக்காயும் மணத்தன. டிரெக்டரின் மனைவி தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போத்தலை எடுத்து அப்பு கையில வச்சது நான்தான்" என்றார் நோனா. "எசன்ஸ் மாதிரின்னு நெனச்சேன். டாக்டருக்கும் அது ஆகாது, அப்புவுக்கும் ஆகாதுன்னு எனக்குத் தோணல்ல. தப்பு என்னுது."

"நாளைக்குப் பேசுவம்" என்றார் துரை.

டாக்டர் கிளாஸை அவர் கையிலிருந்து மெதுவாக எடுத்து, தூரத்து மேசையில் வைத்தார். "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம் தானே?"

"இருந்திருக்கலாங்க ஐயா."

"பிறகு?"

"என்னோட சத்தியம் போயிருச்சு. உங்களோடதாவது போகாம இருக்கட்டும்னுதான்."

டாக்டர் மேசையில் வைத்த கிளாஸை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எனக்கு ஒரு பிளேன் டீ போடுங்க. நானும் குசினிக்கு வாறன்" என்று அவரோடு நடந்தார். ஒரு டாக்டர் விருந்தை விட்டுவிட்டுக் குசினி முக்காலியில் வந்து உட்கார்ந்ததைக் கண்டு காத்தமுத்துவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கேத்தலை வைத்தார்.

"கற்பூரம் அடிச்சிருக்கேன் ஐயா. புள்ள தலையில கை வச்சு. அவளுக்கு ஏதும் ஆயிருமோன்னு இருக்கு."

"புள்ளட தலையில கை வச்சா, இவளப் பாத்துக்கன்னு கேட்டதா நெனைங்க. பழி வாங்குன்னு கேட்டதா ஏன் நெனைக்கிறீங்க?" டாக்டர் பிட்டர்ஸ் போத்தலை எடுத்துப் பார்த்தார். "தெரியாம செஞ்சத படைச்சவன் பிடிக்க மாட்டான், காத்தமுத்து. ஆனா டாக்டரா ஒண்டு சொல்றன். இந்தச் சொட்டு உங்களுக்குப் பழைய வழியக் காட்டும். மூணு நாளா காட்டியிருக்கும். இல்லியா?"

"காட்டிச்சுங்க ஐயா" என்றார் காத்தமுத்து. முதல் தடவையாக அதை ஒருவரிடம் சொன்னார். சொன்னதும் கண் கலங்கியது.

பேச்சில் கேத்தலை மறந்துவிட்டார். தேயிலை கொதித்துக் கொதித்துக் கறுத்துவிட்டது. கொட்டப் போனவர் கை நின்றது. தங்கம்மா சொன்னது காதில் விழுந்தது. அந்தச் சாயத்தை வடித்து ஐஸ் போட்டு ஆற்றினார். பாணி, புளி, இஞ்சி, சோடா. மேலே தேசிக்காய்த் தோலைக் கிள்ளிப் பிழிந்து விட்டார். முதலில் தான் ருசி பார்க்கவில்லை. டாக்டரிடம் நீட்டினார்.

டாக்டர் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார், பிறகு சிரித்தார். "கசப்பு நல்லா இருக்கு. இது தோட்டத்துக் கசப்பு. வாங்க, கிளாஸோடயே போய் அவங்களோட உக்காருறன்."

ஞாயிறு காலை காத்தமுத்து துரைக்கு முன்னால் போய் நின்றார். தூக்கமில்லாத கண். இரவெல்லாம் மலையில் புல்லு வெட்டுகிற கத்தியைத்தான் நினைத்துக் கிடந்தார். துரை பேப்பரை மடித்து வைத்தார். மறுபடி விரித்து, மறுபடி மடித்தார்.

"அந்த மாதிரி ஊதச் சொன்னது சரியில்ல" என்றார் கடைசியில். பிறகு மேசையில் கிடந்த சாவியைத் தள்ளினார். "அலுமாரிச் சாவி. இனிமே உங்கிட்டயே இருக்கட்டும். உன்னைய நம்பலாம்."

பெரிய மரியாதைதான். காத்தமுத்து அந்தச் சாவியைப் பார்த்தார், தொடவில்லை. "வேணாங்க தொரை. நோனாகிட்டயே இருக்கட்டும். அதான் எனக்கு நல்லது. முடிஞ்சா அந்தப் போத்தலையும் உள்ள வச்சுப் பூட்டிருங்க."

துரை அவரை நிமிர்ந்து பார்த்தார். "சரி. அப்ப சாயங்காலம் வா. டிரெக்டர் நோனா அந்த ரெண்டாவது டிரிங்க்ஸ் எப்படிச் செய்யிறதுன்னு கேட்டிட்டுப் போனாங்க."

லயத்துக்கு இறங்குகிற பாதையில் அவருக்குக் கால் வரவில்லை. துரையிடம் நின்றது பெரிதல்ல. தங்கம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவர் படியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். நக்கியதை, ராக்கைக்குப் போன கையை, நீலத்தை. ஒன்றையும் மறைக்கவில்லை.

சுளகு நின்றது. சுளகின் ஓரத்தில் ஒரு கோழிக்குஞ்சு அரிசியைக் கொத்திக்கொண்டிருந்தது, அவள் விரட்டவுமில்லை.

"நீ சொன்னது சரிதான் புள்ள. பழைய கண்ணுதான். உன்ன அன்னைக்கு ஏசினேன்" என்றார். "சாமிக்கு நான் என்னன்னு சொல்ல?"

"நீங்க மட்டுமா குடிச்சீங்க?" தங்கம்மா எழுந்து சேலையை உதறினாள். "நானுந்தான் ஒரு வாய் குடிச்சேன். நல்லாருக்குன்னு வேற சொன்னேன். நிரோஷா, முகத்தக் கழுவிட்டு வா, கோயிலுக்குப் போறோம்."

"எதுக்கும்மா? இன்னைக்கு வெள்ளிக்கிழமையா?"

"மூணு பேரும் சேர்ந்து குடிச்சோம்ல, மூணு பேரும் சேர்ந்து போய் சொல்லுவோம்." அவள் தட்டிமேல் கையை விட்டு, மருந்துப் போத்தலை எடுத்து, கானில் கொட்டிக் கழுவினாள். கழுவிய போத்தலில் விளக்கு எண்ணெயை ஊற்றி, கற்பூரப் பெட்டியோடு புருஷன் கையில் கொடுத்தாள்.

அவர் அதை இரண்டு கையாலும் பிடித்தார். அவள் பார்த்தாள். போத்தல் விழாமல் தன் கையை அவர் கைக்குக் கீழே கொடுத்துக்கொண்டு நடந்தாள். நிரோஷா முன்னால் ஓடினாள். மிஸ்டு இன்னும் விலகவில்லை. பாதி வழியில் அவள் ஒரு தும்மல் போட்டாள். காத்தமுத்து நின்றுவிட்டார்.

"நடங்க" என்றாள் தங்கம்மா. "பனி அது."